ஹட்சன் ஆற்றின் மேல், லைன் கிளியர் இல்லாமல்

ஜூன் 5, 2025, வியாழன்: எடிசன், நியூ ஜெர்சி

இன்று இரவு தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. தம்பி மகன் நியூயார்க் வான்வெளியின் வரைபடத்தை மேசை முழுக்க விரித்துவிட்டான். இருபத்தாறு வயது. கணினி வேலை. வார இறுதிகளில் பறக்கக் கற்றுக்கொண்டு போன ஆண்டு தனியார் விமானி உரிமம் வாங்கியிருக்கிறான். "பெரியப்பா, நீங்கள் ஊருக்குத் திரும்புவதற்குள் உங்களை ஹட்சன் ஆற்றின் மேல் கூட்டிக்கொண்டு போவேன்" என்று நான் வந்து இறங்கிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கென்னடி, லாகார்டியா, நியூவர்க் என்ற மூன்று பெரிய விமான நிலையங்களைச் சுற்றி வரைபடத்தில் நீலக் கோடுகள் பின்னிக் கிடக்கின்றன. கட்டுப்பாட்டு அறையின் அனுமதி இல்லாமல் அந்தக் கோடுகளுக்குள் எந்த விமானமும் நுழையக் கூடாது. ஆனால் நடுவில், ஆற்றின் போக்கிலேயே, ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். வடக்கே ஆல்பைன் கோபுரம், தெற்கே வெரசானோ பாலம், உயரம் 1,300 அடிக்குக் கீழே. இந்தச் சந்துக்குள் சிறிய விமானமும் ஹெலிகாப்டரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் போகலாம், வரலாம்.

"அப்படியானால் அவற்றை யார் பிரித்து அனுப்புவது?"

"யாரும் இல்லை, பெரியப்பா. நாங்களேதான்."

எனக்கு அதற்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் நான். ஒற்றைப் பாதையில், அடுத்த நிலையம் லைன் கிளியர், அதாவது பாதை காலி, வண்டியை அனுப்பலாம் என்ற ஒப்புதல், கொடுக்காமல் ஒரு காலி சரக்கு வண்டியைக்கூட நகர விட்டதில்லை. லைன் கிளியர் கொடுத்ததற்குச் சாட்சியாக அந்தப் பக்கத்துக்காரர் இரண்டு இலக்க பிரைவேட் நம்பர் ஒன்றைச் சொல்வார். அதை இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி, பதிவேட்டில் எழுதிய பிறகுதான் கைகாட்டி இறங்கும். அந்த ஒழுங்கிலேயே வாழ்ந்தவனிடம், மணிக்கு நூறு மைலுக்கு மேல் போகிறவர்கள் தாங்களே பார்த்து ஒதுங்கிக்கொள்வார்கள் என்றால் எப்படி இருக்கும்?

அவன் பொறுமையாக விளக்கினான். தெற்கே போகிறவர்கள் மேற்குக் கரையோரம், வடக்கே வருகிறவர்கள் கிழக்குக் கரையோரம். வட்டமடித்து வேடிக்கை பார்க்கிறவர்கள் ஆயிரம் அடிக்குக் கீழே, நேராகக் கடந்து போகிறவர்கள் ஆயிரத்துக்கும் 1,300க்கும் நடுவே. வேகம் மணிக்கு 140 நாட்டிகல் மைலைத் தாண்டக் கூடாது. விளக்குகள் எரிய வேண்டும். எல்லோரும் ஒரே அலைவரிசையில், 123.05இல், குறிப்பிட்ட இடங்கள் வரும்போது தாங்கள் யார், எங்கே, எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று சொல்ல வேண்டும். இதற்கென்றே இணையத்தில் ஒரு பயிற்சி உண்டு. அதை முடித்த சான்றிதழைத் தன் பையில் வைத்திருக்கிறான்.

பிறகு என் எடையைக் கேட்டான். காலணியோடு சேர்த்துக் கேட்டான். எரிபொருள், பை, ஆட்கள் எல்லாவற்றையும் கூட்டி, எடை எங்கே உட்காருகிறது என்று கணக்குப் போட்ட பிறகுதான் புறப்பாடாம். அது எனக்குப் பிடித்திருந்தது.

தம்பி மனைவிக்கு இதில் சம்மதமே இல்லை. ஏப்ரல் 10ஆம் தேதி இதே ஆற்றில், ஜெர்சி சிட்டிக்கு எதிரே, சுற்றுலா ஹெலிகாப்டர் ஒன்று வானிலேயே உடைந்து விழுந்து ஆறு பேர் இறந்தார்கள். மூன்று பேர் குழந்தைகள். "அத்தான், நீங்களாவது வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. போக வேண்டும் என்று எனக்கே ஆசை வந்துவிட்டிருந்தது.

ஜூன் 6, வெள்ளி: போகவில்லை

அதிகாலையிலேயே விமானத் திடலுக்குப் போனோம். வானம் பால் கலந்த தண்ணீர் போல இருந்தது. ஓடுபாதையின் மறுமுனை மரங்கள் தெரிந்தும் தெரியாமலும் நின்றன. சட்டப்படி பறக்கலாம் என்றான். ஆனால் அந்தச் சந்துக்குள் கண்தான் சிக்னல் என்பதால், பத்து மைல் தெளிவாகத் தெரியாத நாளில் அங்கே நுழைவதில்லை என்று தனக்குத் தானே விதி வைத்திருக்கிறானாம். ஒன்றரை மணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு விமானத்தைக் கட்டிப் போட்டான். முகத்தில் வருத்தம் இருந்தது. கை தயங்கவில்லை.

மாலையில் தெளிந்துவிட்டால் போகலாமே என்றேன். மாலையில் யாங்கி ஸ்டேடியத்தில் பேஸ்பால் ஆட்டம். பெரிய ஆட்டங்கள் நடக்கும்போது மைதானத்தைச் சுற்றி மூன்று நாட்டிகல் மைல், மேலே மூவாயிரம் அடி வரை வானத்தை மூடிவிடுகிறார்கள். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு தொடங்கி, முடிந்து ஒரு மணி நேரம் வரை. அந்த வட்டம் ஆற்றையும் தொட்டுவிடுகிறது. கட்டுப்பாட்டு அறையிடம் கேட்டுக்கொண்டு போக வழி உண்டு, ஆனால் முதல் தடவை என்னைக் கூட்டிக்கொண்டு போகும்போது வேண்டாம் என்றான்.

ஓக் ட்ரீ ரோட்டில் மசால் தோசை சாப்பிட்டோம். பதின்மூன்று டாலர். ஊர்க் கணக்கில் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். தோசை முறுகலாக, உருளைக்கிழங்கு சரியான பதத்தில் இருந்தது, சாம்பாரில் மட்டும் இனிப்பு தூக்கல். பரிமாறிய பையன் கேட்காமலேயே இரண்டாவது கிண்ணம் சட்னி கொண்டுவந்து வைத்தான். அந்த ஒரு செயலில் ஊருக்குப் போய்வந்தது போல இருந்தது.

மாலையில் ஜெர்சி சிட்டி ஆற்றங்கரை. விமானிகள் இடம் சொல்லும் குறிகளில் ஒன்றைத் தரையிலிருந்து காட்டினான்: கோல்கேட் கடிகாரம். சோப்புத் தொழிற்சாலை போய்விட்டது, 1924இல் வைத்த கடிகாரம் மட்டும் நிற்கிறது. குறுக்களவு ஐம்பது அடி, எட்டு மூலை. வானொலியில் அதற்குப் பெயர் வெறும் 'கடிகாரம்'.

கரையில் ஒரு பெரியவர் தூண்டில் போட்டிருந்தார். நான் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்துத் தன் மடக்கு நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, தான் வாளியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்துகொண்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. தண்ணீர் இப்போது வடக்கே போகிறது, இன்னும் சற்று நேரத்தில் திரும்பும் என்றார். கடலின் ஏற்ற இறக்கம் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே, ட்ராய் என்ற ஊர் வரை போகிறதாம். இந்த மண்ணின் பூர்வகுடிகள் வைத்த பெயருக்கே இரு பக்கமும் ஓடும் ஆறு என்றுதான் பொருள். ஒரே பக்கம் ஓடும் தாமிரபரணியைப் பார்த்து வளர்ந்தவன், மிதந்து வந்த ஒரு பலகைத் துண்டு நின்று, தயங்கி, வந்த வழியே திரும்பும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 7, சனி: மழை

நாள் முழுக்க மழை. தம்பி மனைவி வெங்காய பஜ்ஜி போட்டார்.

இந்த விதிகள் எப்படி வந்தன என்று தம்பி மகனிடம் கேட்டேன். 2009 ஆகஸ்ட் 8, ஒரு சனிக்கிழமை முற்பகல். டீட்டர்பரோ என்ற நிலையத்திலிருந்து மூன்று பேருடன் புறப்பட்ட சிறிய விமானமும், ஆறு பேருடன் எழும்பிய சுற்றுலா ஹெலிகாப்டரும் இந்த ஆற்றின் மேல் மோதின. ஒன்பது பேரும் இறந்தார்கள். கரையோரமாகப் பிரிந்து போவது, உயரத்தால் பிரிப்பது, இடம் சொல்வது எல்லாம் அதற்கு முன் வெறும் வழக்கமாகவும் அறிவுரையாகவும் இருந்தன. அந்த ஆண்டு நவம்பரில்தான் கட்டாயம் ஆயின.

விசாரணை அறிக்கையை அவன் கணினியில் காட்டினான். அதில் இரண்டு செய்திகள் என்னைத் தூங்கவிடவில்லை. டீட்டர்பரோவின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்த கட்டுப்பாட்டாளர் அந்த நிமிடங்களில் வேலைக்குத் தொடர்பில்லாத ஒரு தொலைபேசிப் பேச்சில் இருந்திருக்கிறார். அடுத்து எந்த அலைவரிசைக்கு மாற வேண்டும் என்று தனக்குச் சொல்லப்பட்ட எண்ணை விமானி தவறாகத் திருப்பிச் சொல்லியிருக்கிறார். அந்தத் தவறை யாரும் பிடிக்கவில்லை.

திருப்பிச் சொல்வதைக் கேட்காமல் விடுவது. எங்கள் வேலையில் இதைவிடப் பெரிய பயம் கிடையாது. பணியில் சேர்ந்த முதல் வாரம், நள்ளிரவில், நான் ஒரு பிரைவேட் நம்பரை இலக்கம் மாற்றித் திருப்பிச் சொன்னேன். மறுமுனையில் இருந்த மூத்தவர் கோபப்படவில்லை. "மறுபடி சொல்லுங்கள், தம்பி" என்றார். சரியாகச் சொல்லும்வரை அவர் ரிசீவரை வைக்கவில்லை. அவர் அன்று தூக்கக் கலக்கத்தில் 'சரி' என்று சொல்லியிருந்தால் என்ற நினைப்பு என் பணிக்காலம் முழுக்கக் கூடவே வந்தது. அதைத் தம்பி மகனிடம் இன்றுதான் முதல் முறையாகச் சொன்னேன்.

ஜூன் 8, ஞாயிறு: பறந்தோம்

மழை கழுவிவிட்ட வானம். ஆறரை மணிக்குத் திடலில் இருந்தோம்.

விமானம் செஸ்னா 172. நான்கு இருக்கை, ஒரே எஞ்சின், இறக்கை தலைக்கு மேலே. ஒரு பழைய அம்பாசடர் காரைவிட உள்ளே நெருக்கம். அவன் தோளும் என் தோளும் உரசின. கிளம்புவதற்கு முன் ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் இறக்கையின் அடியிலிருந்து பெட்ரோலைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். வெளிர் நீலம். தண்ணீர் கலந்திருந்தால் குமிழாக அடியில் நிற்குமாம். ஓர் இடத்தில் பார்த்தது போதாதென்று ஒவ்வொரு வடிகுழாயாகக் குனிந்து பிடித்துப் பார்த்தான். பிளாட்பாரத்தில் சுத்தியலால் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுப் போகும் ஊழியரின் முதுகு ஞாபகம் வந்தது. அதே வளைவு.

எழும்பி வடகிழக்கே போய், பாலிசேட்ஸ் பாறைச் சுவரின் உச்சியில் நிற்கும் ஆல்பைன் கோபுரத்தை அடைந்தோம். பண்பலை வானொலியைக் கண்டுபிடித்த ஆர்ம்ஸ்ட்ராங் 1930களில் கட்டியது. ஊடே ஊடே பேசித்தான் உயிரோடு இருக்க வேண்டிய பாதை ஒரு வானொலிக் கோபுரத்தில் தொடங்குவது எனக்குப் பொருத்தமாகப் பட்டது.

"ஹட்சன் போக்குவரத்துக்கு: வெள்ளைச் செஸ்னா, ஆல்பைன் கோபுரம், தெற்கு நோக்கி, ஆயிரத்து நூறு."

அவன் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இதுதான். யாரும் பதில் சொல்லவில்லை. பதில் எதிர்பார்ப்பதும் இல்லை. ஆனால் உடனே வேறு குரல்கள் வரத் தொடங்கின. ஒரு பெண் குரல், ஹெலிகாப்டர், வடக்கு நோக்கி, எண்ணூறு. ஒரு கனத்த ஆண் குரல், நீல நிறப் பைப்பர் விமானம், பாலத்தின் மேல். ஒவ்வொரு குரலுக்கும் அவன் கண் அந்தத் திசையில் போய், அந்தப் புள்ளியைத் தேடி, கண்டுபிடித்த பிறகே திரும்பியது. என்னையும் தேடச் சொன்னான். "உங்கள் பக்கம் நீங்கள்தான் என் கண், பெரியப்பா." அதன் பிறகு நான் வேடிக்கை பார்க்கவில்லை, பணியில் இருந்தேன்.

ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தின் தூண்கள் 604 அடி. மேலிருந்து பார்க்கும்போது வண்டிகள் இரண்டு தட்டுகளில் எறும்பு வரிசையாக ஊர்ந்தன. அங்கே இரண்டு பேர் ஒரே நொடியில் பேசிவிட, காதில் கீச்சென்று ஒரு சத்தம்தான் கேட்டது. ஒரு நொடி மௌனம். பிறகு ஒருவர், "நீங்கள் முதலில் சொல்லுங்கள்" என்றார். மற்றவர் நன்றி சொல்லி, தன் இடத்தைச் சொன்னார். முகம் தெரியாத இரண்டு பேர், உயிர் விஷயத்தில், கல்யாணப் பந்தியில் இடம் விட்டுக்கொடுப்பது போல விட்டுக்கொடுத்தார்கள்.

தெற்கே போகும்போது மன்ஹாட்டன் இடப்பக்கம். நான் அமர்ந்திருந்தது வலப்பக்கம். அதனால் நகரத்தை அவன் முகத்தைத் தாண்டித்தான் பார்க்க முடிந்தது. இன்ட்ரெபிட் என்ற விமானந்தாங்கிக் கப்பல் துறையில் படுத்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஓடியது, இப்போது அருங்காட்சியகம். 2009 ஜனவரி 15 அன்று, பறவைகள் மோதி இரண்டு எஞ்சினும் நின்றுபோன பெரிய விமானத்தைக் கேப்டன் சல்லன்பர்கர் இந்தத் தண்ணீரில்தான் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். பயணிகள் படகுக்காரர்கள் யார் உத்தரவுக்கும் காத்திராமல் படகைத் திருப்பினார்கள். அந்தப் படகுகளின் வெள்ளைத் தடங்கள் இன்றும் கீழே குறுக்கும் நெடுக்கும் கிடந்தன.

கடிகாரம் நெருங்கும்போது என் பக்கக் கதவு படீரென்று ஓர் அங்குலம் திறந்துகொண்டது. காற்று இரைந்தது. மடியில் இருந்த வரைபடம் எழும்பி என் முகத்தில் ஒட்டியது. கைப்பிடியை முழுதாக அழுத்தியதாக நினைத்திருந்தேன், பாதியில் நின்றிருக்கிறது. நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. அவன் கதவின் பக்கம் திரும்பவே இல்லை. முதலில் விமானத்தின் மூக்கை நேராகப் பிடித்தான். அடுத்து பொத்தானை அழுத்தி, "வெள்ளைச் செஸ்னா, கடிகாரம், தெற்கு நோக்கி, ஆயிரத்து நூறு" என்று அதே குரலில் சொன்னான். அதற்குப் பிறகுதான் என்னிடம் பேசினான்: "காற்றழுத்தம் அதற்கு மேல் திறக்க விடாது, பெரியப்பா. விமானம் நன்றாகப் பறக்கிறது. தொடாதீர்கள், பாலம் தாண்டி மூடிக்கொள்ளலாம்."

நெரிசல் மிகுந்த இடத்தில், காதருகே கதவு இரைய, முதலில் தன் இடத்தைச் சொல்லிவிட்டுப் பிறகு என்னைக் கவனித்தானே, அதை நினைத்து இதை எழுதும்போதும் கண் நிறைகிறது. என்னிடம் பயிற்சிக்கு வந்த எத்தனையோ பேரில் மூன்று பேர்தான் அப்படி.

சுதந்திர தேவி சிலையின் தீப்பந்தம் 305 அடி உயரம், அதற்கும் வெகு மேலே போனோம். கீழே ஒரு ஹெலிகாப்டர் சிலையைச் சுற்றிக்கொண்டிருந்தது. "செஸ்னா, உங்களைப் பார்த்துவிட்டேன், உங்களுக்குக் கீழேயே இருப்பேன்" என்றது அதே பெண் குரல். லைன் கிளியர் என்ற சொல் அங்கே கிடையாதுதான். ஆனால் அந்தக் குரலில் இருந்தது அதுதான்.

வெரசானோ பாலத்தைத் தாண்டி, திறந்த தண்ணீரின் மேல் வேகத்தைக் குறைத்தான். நான் கதவை இழுத்து அடித்து, கைப்பிடியை அடிவரை அழுத்தினேன். அவன் எட்டி அதை ஒருமுறை தொட்டுப் பார்த்தான். ஆல்பைனிலிருந்து அதுவரை கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

இடப்பக்கம் வளைந்து வடக்கே திரும்பினோம். இப்போது மன்ஹாட்டன் முழுக்க என் பக்கம். உலக வர்த்தக மையத்தின் புதிய கட்டடம் 1,776 அடி. பறந்துகொண்டே ஒரு கட்டடத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக் காலை வெயில் கண்ணாடிகளில் பட்டு, தளம் தளமாக எங்களோடு ஓடிவந்தது.

அந்தச் சந்தின் வடக்கு முனையைத் தாண்டியதும் ஆறு அகன்று, கரைகளில் ஊர் குறைந்து மலை வந்தது. பேர் மவுண்டன் பாலம், அதன் பிறகு ஆற்றுத் தீவு ஒன்றில் பேனர்மன் என்ற ஆயுத வியாபாரி கட்டிய கோட்டையின் இடிந்த சுவர்கள். பிறகு போகிப்சி நகரம். அங்கே எனக்காக ஒரு வட்டம் போட்டான். 1889இல் திறந்த ரயில் பாலம், நீருக்கு மேல் 212 அடி. 1974இல் தீப்பிடித்தபின் ஒரு வண்டியும் போகவில்லை. முப்பத்தைந்து ஆண்டு துருப்பிடித்து நின்றதை 2009இல் நடைபாதையாக்கித் திறந்துவிட்டார்கள். தண்டவாளம் கிடந்த இடத்தில் ஆட்கள் நடக்கிறார்கள். ஒரு குழந்தை சிவப்பு சைக்கிளில் போவது தெரிந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை.

அருகே ஒரு சிறிய நிலையத்தில் இறங்கிச் சாப்பிட்டோம். இப்படிச் சாப்பிடுவதற்காகவே பறந்து போவதை இங்குள்ள விமானிகள் நூறு டாலர் பர்கர் என்கிறார்கள். நான் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ரொட்டி கேட்டேன், பதினொரு டாலர். காபிக் கோப்பை காலியாகும்போதெல்லாம் அந்த அம்மா வந்து நிரப்பினார். பக்கத்து மேசையில் இருந்த முதியவர் தம்பி மகனிடம், "எங்கிருந்து?" என்று கேட்டார். ஆற்று வழியாக வந்தோம் என்றதும் என்னைப் பார்த்து, "முதல் தடவையா?" என்றார். தலையாட்டினேன். எழுந்து வந்து கை கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

திரும்பும்போது காற்று எழுந்துவிட்டது. மேற்கே சுற்றி, ஆற்றைத் தவிர்த்து வந்தோம். குலுக்கலில் எனக்கு வயிறு புரட்டியது. முதல் தடவை இறங்கும்போது பக்கக் காற்று ஒரு தள்ளுத் தள்ள, தரைக்குச் சற்று மேலே இருக்கும்போதே எஞ்சினை முழு வேகத்துக்குக் கொடுத்து மறுபடி மேலே ஏற்றிவிட்டான். சுற்றி வந்து இரண்டாம் முறை இறக்கினான். சக்கரம் தரையைத் தொட்டது. கை விரல்களைப் பிரித்துப் பார்த்தேன், இருக்கை விளிம்பின் தையல் வரிசையாகப் பதிந்திருந்தது.

மாலை ஐந்து மணிக்குப் படுத்தவன் இரவு எட்டுக்குத்தான் எழுந்தேன். தம்பி மனைவி ரசம் சாதம் வைத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 9, திங்கள்: கணக்கு

காதில் இன்னும் எஞ்சின் ஓடுகிறது.

விமான வாடகை எரிபொருளோடு சேர்த்து மணிக்கு 190 டாலர், எஞ்சின் ஓடிய நேரத்துக்கு மட்டும். நேற்று 2.8 மணி நேரம். மொத்தம் 532 டாலர். முழுவதையும் நானே தருகிறேன் என்று பணத்தை எடுத்தேன். பெரியப்பா இருக்கும்போது பிள்ளை செலவு செய்வதா?

அவன் வாங்க மறுத்துவிட்டான். மரியாதைக்காகச் சொல்கிறான் என்று வற்புறுத்தினேன். அப்புறம்தான் சொன்னான்: தனியார் உரிமம் வைத்திருப்பவர் பயணியிடம் காசு வாங்கிப் பறக்கக் கூடாது, செலவில் தன் பங்கை அவரே கட்ட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இரண்டு பேர் போனால் பாதிக்குப் பாதி. அதற்கு மேல் ஒரு டாலர் வாங்கினாலும் அவன் உரிமத்துக்கு ஆபத்து.

விதி என்று சொன்ன பிறகு நான் வாதாடவில்லை. 266 டாலரை எண்ணி, ஒருமுறை திருப்பி எண்ணி, அவன் கையில் கொடுத்தேன். அவனும் எண்ணினான். "இருநூற்று அறுபத்தாறு" என்றான்.

"இரண்டு, ஆறு, ஆறு" என்றேன்.